பாட்டு இல்லாத கேசட்டின் கம்பிச் சத்தம்

அந்தப் படத்தை நான் பாதிதான் பார்த்தேன். பிள்ளைகளா, உங்கள் இரண்டு பேருக்கும் இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருசமாக அதன் இசையை ஜீப்பில் ஓட விடுகிறவன், படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பான் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. போடியில் ஒரு தியேட்டரில், கல்யாணத்துக்கு முன்னால், அரைகுறையாகப் பார்த்தது.

அது டப்பிங் படம். ஒரு பெரிய ஊரிலிருந்து ஜனங்கள் எல்லோரும் போய்விடுகிறார்கள். எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஒருவன் மட்டும் மிச்சம். அவன் நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது, பேசுவதற்கு ஆளும் கிடையாது. பேச்சு வர வேண்டிய இடத்தில் எல்லாம் அந்த இசைதான். இடைவேளை முடிந்து அவன் ஒரு பாலத்தின் மேல் ஏறும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. விசில் அடித்தோம், சீட்டைத் தட்டினோம், கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். மறுநாள் போனால் வேறு படத்துப் போஸ்டருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள்.

ஆக, அவன் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டான். இசை மட்டும் என்னோடு இறங்கி வந்தது.

பின்னால் ஜீப்புக்கு ஒரு சாமான் வாங்க மதுரைக்குப் போனபோது, ரோட்டோரம் குவித்துப் போட்டிருந்த கேசட்டுகளில் அந்தப் படத்தின் அட்டையைப் பார்த்தேன். விற்கிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இதுல பாட்டு ஒண்ணும் கெடையாது பாத்துக்கங்க. அப்புறம் வந்து மாத்திக் குடுன்னு கேக்கக் கூடாது" என்றார். கேட்க மாட்டேன் என்று சொல்லி வாங்கி வந்தேன்.

எங்கள் ஜீப்பு வழக்கம் உங்களுக்குத் தெரியும். விடிந்தும் விடியாமல் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொள்ளத் தெருமுனையில் நிற்போம். ஆரன் அடித்தால் தூங்குகிறவர்கள் திட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பாட்டு. சாமிப் பாட்டு ஓடினால் ஒருத்தர் வண்டி, சோகப் பாட்டு ஓடினால் இன்னொருத்தர் வண்டி. தூக்குச்சட்டியை மூடிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு எட்டிப் பார்க்க வேண்டிய வேலையே இல்லை. தன் பாட்டு வந்ததும் கிளம்பி வருவாள். நல்ல பாட்டெல்லாம் எனக்கு முன்னாலேயே ஆட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். நான் இந்தக் கேசட்டைப் போட்டேன்.

முதல் நாள் வண்டியில் ஏறிய பெண்கள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

"என்னண்ணே, ஃபிரிட்ஜத் தூக்கி வண்டிக்குள்ள வச்சிருக்கீகளா? உர்ருங்குது!"

"ஃபிரிட்ஜ் இல்லடி. பல்லு புடுங்குற டாக்டரு வீட்ல இப்படித்தான் கேக்கும்."

"அப்பு, நீ சோலிக்குக் கூட்டிப் போறியா, இல்ல ஆகாசத்துக்குக் கூட்டிப் போறியா? சொல்லிரு. ஆகாசம்னா நான் நல்ல சேலையா கட்டிட்டு வர்றேன்."

கடைசியில் பேசியது எல்லோரிலும் மூத்த அம்மா. வாயாடி. முன்சீட்டு அவருக்கென்றே இருந்தது, வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

அடிவாரத்தில் முந்தல் ஊரைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்தோம். பாதி மலையில் மஞ்சு இறங்கியது. லைட்டைப் போட்டாலும் முன்னால் வெள்ளைச் சுவர்தான். பேசிக்கொண்டே வந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடினார்கள். அப்போது கேசட்டில் அந்த இடம் வந்தது.

அந்த இடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன், சங்கீதம் தெரியாதவன், எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். முதலில் அடியில் ஒரு முனகல் இருக்கும், நியூட்ரலில் நிற்கிற வண்டி மாதிரி. அதற்கு மேல் வெறும் குழாயில் தண்ணீர் சொட்டுவது போல டுக், டுக் என்று வரும். பிறகு மஞ்சு பரவுவது போல ஒன்று பரவும். வயலினா புல்லாங்குழலா என்று கேட்டால் இரண்டும் இல்லை. மரமோ தோலோ நரம்போ மூச்சோ எதுவும் இல்லாத சத்தம், எல்லாம் மிசினில் பண்ணியது. அது பரவி முடிந்து, இனி ஒன்றும் வராது என்று நினைக்கும்போது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சத்தம் வரும். கம்பி இழுத்தது போல, மெல்லிசாக, நீளமாக. எங்கிருந்து தொடங்கியது என்று பிடிக்க முடியாது. காதுக்கு வந்து சேரும்போதே அது கொஞ்ச நேரமாக இருந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். கம்பிச் சத்தம் என்று அதற்குப் பேர் வைத்தது நான்தான்.

கொண்டை ஊசி வளைவு ஒன்று கழிந்து, இன்னொன்றும் கழிந்த பிறகு, அந்த மூத்த அம்மா மெதுவாகக் கேட்டார்: "இந்தப் படத்துல என்னப்பா நடக்குது?"

சொன்னேன். பாலம் வரைக்கும் சொன்னேன். "அப்புறம்?" என்றார். கரண்ட் போய்விட்டது என்றேன். வண்டி குலுங்கச் சிரித்தார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு அந்த மிச்சப் படம் வண்டியில்தான் ஓடியது. ஒருத்தி அவனைப் பாலத்தைத் தாண்டிப் போக வைத்து, அந்தப் பக்கம் அவன் பொண்டாட்டியை நிற்க வைத்தாள். இன்னொருத்தி, ஜனங்கள் எங்கேயும் போகவில்லை, இவன்தான் செத்துப்போனான், அது இவனுக்குத் தெரியவில்லை என்றாள். அந்த மூத்த அம்மா, "அவெஞ் சோறு திங்கவே இல்லையேடி, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார். வருசம் போகப் போக ஆட்கள் மாறினார்கள், கதை மாறியது, கேசட் தேய்ந்து சி.டி. வந்தது, இசை அதேதான். பூப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டில் மலையாளத்துச் சூப்பர்வைசர் ஒருவர் இருக்கிறார். ஏலக்காய் மூட்டையோடு கீழே இறங்க என் வண்டியில் ஏறினால், "அண்ணா, ஆ மியூசிக் ஒண்ணு வெச்சே" என்றுதான் உட்காருவார். தமிழ்ப் பாட்டு என்றால் அவருக்குப் பாதி புரியாது, மலையாளப் பாட்டு என்றால் எங்கள் பெண்களுக்குப் புரியாது. இதில் புரியாதது என்று ஒன்றும் இல்லை. வார்த்தை இருந்திருந்தால் அது யாரோ ஒருத்தருடைய சோகமாகவோ யாரோ ஒருத்தருடைய காதலாகவோ ஆகியிருக்கும். இதில் ஏறி உட்காருகிறவர்கள் எல்லோருக்கும் இடம் இருந்தது. புதுசாக வந்த பாட்டெல்லாம் ஆறு மாசத்தில் பழசாகிப்போனது. அன்றைக்கே விசித்திரமாக இருந்த இதற்குப் பழசாகிப்போகத் தெரியவில்லை. இது ஏன் இன்னும் பிடிக்கிறது என்று நீங்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

இனிமேல்தான் சொல்லச் சிரமமான பகுதி.

பெரியவளே, நீ காலேஜில் சேர்ந்த வருசம் எனக்கு ஒரு பென் டிரைவ் கொடுத்தாய். "சி.டி. எல்லாம் கீறிப்போச்சுப்பா, நல்ல காப்பி எறக்கிருக்கேன், சுத்தமா இருக்கும்" என்றாய். மறுநாள் காலையில் போட்டேன். முனகல் வந்தது. சொட்டு வந்தது. மஞ்சு பரவியது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அடுத்த துண்டு ஆரம்பித்துவிட்டது.

உன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. பழசைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று யாரோ அந்தக் கம்பிச் சத்தத்தையும் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்து எடுத்துவிட்டார்கள் என்று முடிவு பண்ணினேன். உன்னிடம் சொன்னபோது, "இருக்குதேப்பா" என்றாய். போனில் கேட்கிறவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன். கீறல் விழுந்த சி.டி.யைத் தேடி எடுத்துப் போட்டேன். அதிலும் இல்லை. சரி, ஸ்பீக்கர் போயிருக்கும் என்று போடியில் ஒரு கடையில் கழற்றிக் காட்டினேன். கடைக்காரப் பையன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "நல்லாத்தானண்ணே பாடுது" என்றான். புதுசு மாட்டச் சொன்னேன். மாட்டினான். அதிலும் வரவில்லை.

அதற்குப் பிறகு காது அடைத்திருக்கிறது என்று நினைத்தேன். நீங்கள் சிரிக்கலாம். மலை ஏறி இறங்குகிறவர்களுக்குக் காது அடைப்பது கொட்டாவி மாதிரி. ஏறும்போது அடைக்கும், எச்சில் விழுங்கினால் டப்பென்று திறக்கும். வண்டியில் வருகிற பெண்கள் அதற்கென்றே முந்தானையில் ஏலக்காய் முடிந்து வைத்திருப்பார்கள். மென்று விழுங்கினால் காது விட்டுவிடும். நானும் மென்றேன். இன்றைக்கு விடும், நாளைக்கு விடும் என்று மென்றுகொண்டே இருந்தேன். பொழுதன்றைக்கும் வாயில் ஏலக்காய் மணப்பதைப் பார்த்து உங்கள் அம்மா ஒரு மாதிரி சந்தேகப்பட்டாள். "இந்தாங்க, வாய ஊதிக் காட்டுங்க" என்று வாசலிலேயே நிறுத்தி மோந்து பார்த்தாள். சிகரெட்டும் இல்லை, மற்றதும் இல்லை என்று தெரிந்த பிறகு, "பின்ன எதுக்கு இதத் திங்கிறீக?" என்றாள். காது அடைப்புக்கு என்றேன். "கீழ எறங்கி வீட்டுக்கு வந்தப்புறமுமா?" என்றாள். பேச்சை மாற்றினேன்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம், எஸ்டேட்டில், பெண்கள் காய் நிறுத்துப் போட்டுவிட்டு வரக் காத்திருந்தேன். சாயங்காலம் ஆனால் அந்தக் காட்டில் சில்வண்டு எப்படிக் கத்தும் என்று உங்களை ஒரு தடவை கூட்டிப் போனபோது கேட்டிருக்கிறீர்கள். சின்னவன் காதைப் பொத்திக்கொண்டான். அன்றைக்குக் காடு கம்மென்று இருந்தது. ஒரு பூச்சி இல்லை. ஏலச்செடிக்கு அடிக்கிற மருந்தில் எல்லாம் செத்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு மனசு கஷ்டமாகவே இருந்தது. அந்தச் சூப்பர்வைசர் வந்தார். கேட்டேன்:

"என்ன சேட்டா, இந்த வருசம் மருந்த அள்ளி ஊத்திட்டீக போலயே? ஒரு சில்வண்டு கூட மிச்சம் வைக்கலையே."

அவர் என்னைப் பார்த்தார். "எந்தா அண்ணா பறயுன்னே? காது பொட்டிப்போகும் போல கெடந்து கத்துது!"

பின்னால் வந்த பெண்கள் நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். மூத்த அம்மா மட்டும் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்தார். அவருக்கு இப்போது நல்ல வயசாகிவிட்டது, காய் எடுக்க முடியாது, சும்மா தரம் பிரித்துக்கொடுக்கிறார். "ஏய்யா, நெசமாவா கேக்கல?" என்றார். வாய் அசைந்தது, சத்தமும் கேட்டது. அவருடைய கேள்வி எனக்கு நன்றாகவே கேட்டது. சுற்றிலும் காடு முழுக்கக் கத்திக்கொண்டிருந்ததுதான் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது நான் இசையைப் போடவில்லை. அதற்குப் பிறகுதான், பெரியவளே, உனக்குப் போன் பண்ணி மதுரையில் காது டாக்டர் யார் என்று விசாரிக்கச் சொன்னேன்.

அங்கே நடந்ததை உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. நீ வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மிசினோடு உட்கார்ந்து, "சத்தம் கேட்டா இத அமுக்குங்க ஐயா. சின்னதா கேட்டாலும் அமுக்குங்க" என்றது. கையில் ஒரு பட்டன் கொடுத்தார்கள்.

முதல் சத்தம் வந்தது. ம்ம்ம் என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் கேசட்டின் அடியில் இருக்கிற முனகல் மாதிரியே இருந்தது. அடுத்தது கொஞ்சம் மேலே, குழாய்ச் சொட்டு. பழைய சிநேகிதனைக் கூட்டத்தில் பார்த்தது போல அமுக்கினேன். அந்த இசையை யாரோ வண்டியைப் பிரிப்பது போலப் பிரித்து, பாகம் பாகமாகத் தரையில் வைத்துக் காட்டுவது போல இருந்தது. ஒவ்வொன்றாக மேலே போனது. இனி கம்பிச் சத்தம்தான் வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரவில்லை. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் விரல் அசைந்தது. அது ஏதோ அனுப்புகிறது. என்னைப் பார்க்கிறது. மறுபடி விரலை அசைக்கிறது. அனுப்புவது எனக்குக் கண்ணில் தெரிகிறது, காதுக்கு வந்து சேரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அதன் விரல் அசையும்போதெல்லாம் நான் பட்டனை அமுக்க ஆரம்பித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் எழுந்து வந்து, திட்டாமல், என் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டது. பிறகு அந்த மெத்தைச் சுவரைப் பார்த்தபடி பட்டனோடு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் நல்ல மனுசன். "ஜீப்பு ஓட்டுறீங்களா? இஞ்சின் சத்தம், ஸ்பீக்கர் சத்தம், வயசு, எல்லாம் சேர்ந்துக்கிருச்சு. இது அடைப்பு இல்ல, நரம்பு. மேல இருக்கிற கீச்சுச் சத்தம்தான் மொதல்ல போகும். பேச்செல்லாம் இப்போதைக்கு நல்லாவே கேக்கும்" என்றார்.

"போனது வருமா சார்?"

"இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்."

வரும் என்றும் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது.

காது மிசின் வாங்கி மாட்டியது உங்களுக்குத் தெரியும். தட்டு விழுகிற சத்தம் இடி மாதிரி கேட்டது, உங்கள் அம்மா பேசுவது ரேடியோவில் பேசுவது போல இருந்தது. அன்றைக்கு மூன்று பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து அந்த இசையைப் போட்டீர்கள். அந்த இடம் வந்ததும் சின்னவன் என் முகத்தையே பார்த்து, "வந்துருச்சாப்பா?" என்றான். ஏதோ ஒன்று வந்தது. தகரத்தை ஆணியால் கீறுவது போல ஒன்று. அது அந்தச் சத்தம் இல்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல என்னால் ஆகவில்லை. "ம்" என்றேன். அவன் கையைத் தட்டினான். அந்த "ம்" பொய் என்று இப்போது சொல்லிவிடுகிறேன், சின்னவனே. இசை கேட்கும்போது மட்டும் மிசினைக் கழற்றி வைப்பது அதனால்தான்.

காதில் இல்லாவிட்டால் போகிறது, மனசில் இருக்கிறதே என்று இருந்தேன். வண்டி ஓட்டும்போது, மஞ்சு பரவி முடியும் இடத்தில், நானே உள்ளுக்குள் அதைப் போட்டுக்கொள்வேன். ரொம்ப நாளாக அப்படித்தான் ஓட்டினேன். பின்னால் இருக்கிற பெண்கள் அதை வெளியே கேட்பார்கள், நான் உள்ளே கேட்பேன், எல்லோரும் ஒன்றாகத்தான் போகிறோம் என்று ஒரு நினைப்பு.

பெரியவளே, இந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது அதுவும் ஆட்டம் கண்டது. சாயங்காலம் மூன்று பேரும் முன்னறையில் இருந்தோம். புது ஸ்பீக்கரில் அதைப் போட்டீர்கள். உங்களுக்குள் ஒரு வழக்கு வந்தது.

"எவ்ளோ அழகா ஏறுது பாரு" என்றாய் நீ.

"எங்க ஏறுது? ஒரே எடத்துல நிக்குது. முடியிறப்ப லேசா எறங்குது" என்றான் அவன்.

"ஏறுதுடா."

"எறங்குது."

"ஒனக்குக் காதே இல்ல, போ" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாய். சின்னவன் என்னைப் பார்த்தான். நான் கேட்காதது போல இருந்தேன். அது எனக்கு இப்போது சுலபமாக வருகிறது.

பிறகு பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "நீ சொல்லுப்பா. ஒனக்குத்தான் தெரியும். ஏறுதா, எறங்குதா?" என்றாய்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். இத்தனை வருசம் தினம் கேட்டவனுக்கு இது ஒரு கேள்வியா? உள்ளே போட்டுப் பார்த்தேன். ஏறுகிறது என்று நினைத்துக்கொண்டு போட்டால் ஏறியது. இறங்குகிறது என்று நினைத்துப் போட்டேன், இறங்கியது. நிற்கிறது என்று நினைத்தேன், நின்றது. எதைக் கேட்டாலும் அப்படியே பாடியது. எது கேசட்டில் இருந்தது, எது நானாக இந்த வருசங்களில் போட்டுக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. சரிபார்க்க வேண்டும் என்றால் காதால் கேட்க வேண்டும். கேட்கிற நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள்.

"இன்னொருக்கா போடு" என்றேன்.

சின்னவன் போட்டான். முனகல் வந்தது, சொட்டு வந்தது, மஞ்சு பரவியது. "இன்னும் கூட்டி வை" என்றேன். கூட்டினான். ஸ்பீக்கர் இருந்த மேசையில் கையை வைத்துப் பார்த்தேன், முனகல்தான் விரலில் ஏறியது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையை லேசாக நிமிர்த்தினீர்கள். வந்துவிட்டது என்று அதில் தெரிந்தது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று முகத்தில் தேடினேன். முகத்தில் அதெல்லாம் தெரியவில்லை.

அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா சத்தம் போட்டாள். "சவுண்டக் கொறங்கடா! பக்கத்து வீட்ல பச்சப்புள்ள தூங்குது!"

சின்னவன் குறைத்தான். எனக்கு அந்த முனகலும் போய்விட்டது. நீங்கள் இரண்டு பேரும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.